அச்சிடும் கட்டளைக்கு ஓர் ஒப்படைப்புக் குறிப்பு: மட்டாஞ்சேரி ஆவண மரபும் விரிதாள் மேக்ரோவும்

மலபார்க் கடற்கரையின் டச்சு ஆளுநராக இருந்த அட்ரியான் மூன்ஸ் 1781ஆம் ஆண்டு கொச்சியில் தம் பொறுப்பைக் கையளித்தபோது, தமக்குப் பின் வந்த யோஹான் கெரார்ட் வான் ஆங்கல்பெக்குக்காக நீண்டதோர் ஒப்படைப்புக் குறிப்பை எழுதி வைத்தார். சுற்றிலுமிருந்த அரசர்கள், மிளகு ஒப்பந்தங்கள், கொச்சி யூதர்கள், கொங்கணி வணிகர்கள், கிறித்தவர்கள், கோட்டையின் நிலை, கணக்கு வழக்குகள் ஆகிய அனைத்தும் அதில் இடம்பெற்றன. இது மூன்ஸின் தனிப்பட்ட பழக்கமன்று. பதவி விலகும் தலைமை அலுவலர் ஒவ்வொருவரும் இத்தகைய குறிப்பை விட்டுச் செல்ல வேண்டும் என்பது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் நடைமுறை. ஒரு பணி எவ்வாறு நடந்துவந்தது என்பதை அப்பணியைச் செய்தவரே எழுதிவைத்தாலன்றி அடுத்தவரால் அதைத் தொடர முடியாது என்பதை அந்நிறுவனம் அறிந்திருந்தது.

இன்றைய அலுவலகம் ஒன்றை இதனோடு ஒப்பிடலாம். விரிதாளில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் முந்நூறு சம்பளச் சீட்டுகளோ ஒரு சரக்கிற்குரிய ஏற்றுமதித் தாள்களோ வரிசையாக அச்சாகி வெளிவருகின்றன. அந்தப் பொத்தானுக்குப் பின்னால் ஒரு மேக்ரோ இருக்கிறது. அதை எழுதியவர் பல நேரங்களில் கணினித் துறையினர் அல்லர்; ஓர் எழுத்தரோ ஆசிரியரோ கணக்கரோ ஆவார். அவர் ஓய்வு பெறுகிறார் அல்லது இடமாற்றம் பெறுகிறார். ஒப்படைப்புக் குறிப்பு எதுவும் இல்லை. பொத்தான் வேலை செய்யும்வரை எவரும் அதைப் பற்றிக் கேட்பதில்லை. அது நின்றுபோகும் நாளில், அந்த அலுவலகத்தின் ஆவணங்கள் எந்த விதிப்படி உருவாயின என்பதைச் சொல்ல ஒருவரும் இல்லை.

தொழில்நுட்பச் சிக்கலாகத் தோன்றும் இது உண்மையில் ஆவண வரலாற்றைச் சேர்ந்த சிக்கல். எழுத்தைப் பலபடியாக்கும் முறைகள் ஒவ்வொன்றும் படியெடுத்தவர் யார், எந்த விதிப்படி எடுத்தார் என்பதற்கான தடயத்தை வெவ்வேறு அளவில் விட்டுச் சென்றுள்ளன. ஐந்து நூற்றாண்டுகளாக மிளகும் தாளும் ஒருசேரக் கைமாறிய கொச்சி, மட்டாஞ்சேரிப் பகுதி இதை ஆராய்வதற்கு ஏற்ற களமாகும்.

1. கையால் எடுத்த படி

1663இல் போர்த்துகீசியரிடமிருந்து கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக் கம்பெனி, 1795இல் ஆங்கிலேயரிடம் இழக்கும்வரை அதைத் தன் மலபார்த் தலைமையிடமாக வைத்திருந்தது. கம்பெனியின் ஆட்சி கடிதங்களால் நடந்த ஆட்சி. கொச்சியில் எழுதப்பட்ட கடிதத்திற்கும் கணக்கிற்கும் உள்ளூரில் ஒரு படி தேவை, பத்தாவியாவிற்கு ஒரு படி தேவை, நெதர்லாந்திற்கும் தேவை. கப்பல் மூழ்கலாம் என்பதால் முதன்மையானவை ஒன்றுக்கு மேற்பட்ட கப்பல்களில் அனுப்பப்பட்டன. இவை அனைத்தையும் எழுத்தர்கள் கையால் எழுதினர். படி மூலத்தோடு ஒப்பிடப்பட்டது. ஒத்திருப்பதாகச் சான்றளித்து எழுத்தர் ஒப்பமிட்டார்.

மட்டாஞ்சேரியின் யூதத் தெருவில் வாழ்ந்த எசக்கியேல் ரகாபி போன்ற பெருவணிகர்கள் இக்கம்பெனியோடு மிளகு வணிகம் செய்தனர். பரதேசி யூதத் தொழுகைக் கூடத்தின் மணிக்கூண்டை 1760இல் எழுப்பியவரும் அவரே. அவ்வணிகத்தின் தடயங்களை இன்று படிக்க இயலுகிறதென்றால் அதற்குக் காரணம் அந்தப் பெயரறியா எழுத்தர்களின் படிகளே. கொச்சியின் டச்சு ஆவணங்களில் பெரும்பகுதி பின்னர்ச் சென்னைக்கு வந்தது. அவை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உள்ளன. மூன்ஸின் குறிப்பு 1911இல் காலெட்டி முதலியோரின் ஆங்கில மொழிபெயர்ப்பாகவும் சென்னையில் அச்சேறியது.

கையால் எடுத்த படியின் குறை அதன் பிழை. அதன் நிறையும் அந்தப் பிழையே. எந்தச் சொல் விடுபட்டது, எந்த எண் மாறியது என்பதைக் கொண்டு எந்தப் படியிலிருந்து எந்தப் படி பிறந்தது என்று பதிப்பாசிரியர் கண்டறிகிறார். தமிழ் ஏட்டுச்சுவடி மரபும் இதையே சொல்கிறது. எழுதி முடித்த நாளையும் தன் பெயரையும் இறுதியில் குறித்து, பிழை பொறுக்க வேண்டிய ஏடெழுதுவோர் பலர். படியெடுத்தவர் பிரதிக்குள்ளேயே இருந்தார்.

2. அச்சுப் படி

கைப்படிக்கு மாற்று கொச்சிக்கு டச்சுக்காரருக்கு முன்பே வந்துவிட்டது. என்றிக்கே என்றிக்கசின் 'தம்பிரான் வணக்கம்' 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சாயிற்று. அடுத்த ஆண்டு, 1579 நவம்பர் 14 அன்று, 'கிரிசித்தியானி வணக்கம்' கொச்சியிலிருந்த இயேசு சபைக் கல்லூரியில் அச்சாயிற்று. மட்டாஞ்சேரியை அடுத்துள்ள இன்றைய கோட்டைக் கொச்சிப் பகுதியே அக்காலப் போர்த்துகீசியக் கொச்சி. தமிழ் எழுத்தில் அச்சான தொடக்க நூல்களுள் ஒன்று கேரளத்தின் இத்துறைமுகத்தில் பிறந்தது என்பது தமிழ் அச்சு வரலாறு படிப்போர் அனைவரும் அறிந்ததே.

இங்குக் கவனிக்க வேண்டியது வேறொன்று. தம்பிரான் வணக்கம் தன்னைப் பற்றிய தொழில்நுட்பச் செய்தியையும் தன்னுள் கொண்டிருக்கிறது. அதன் எழுத்துருக்கள் 1577இல் கோவாவிலும் 1578இல் கொல்லத்திலும் வார்க்கப்பட்டவை என்பதை அந்நூலே காட்டுகிறது. அச்சு படிகளுக்கிடையேயான வேறுபாட்டை ஏறத்தாழ ஒழித்தது. ஏடெழுதியவரின் கை மறைந்தது. ஆனால் அச்சிடும் முறை பற்றிய குறிப்பு மறையவில்லை. இடம், நாள், எழுத்துருவின் பிறப்பு ஆகியவை நூலிலேயே பதிவாயின. அச்சகத்தின் பெயரையும் முகவரியையும் நூலில் குறிக்க வேண்டும் என்னும் பிற்காலச் சட்டங்களும் அச்சிட்டவர் யார் என்பது தாளிலேயே தெரிய வேண்டும் என்னும் கொள்கையிலிருந்து வந்தவையே.

3. ஒரு மூலம், பல படிவங்கள்

இருபதாம் நூற்றாண்டில் துறைமுக வணிகத்தின் சுமை கப்பலில் மட்டும் இருக்கவில்லை, தாளிலும் இருந்தது. ராபர்ட் பிரிஸ்டோவின் முயற்சியால் உருவான கொச்சி உள்துறைமுகத்திற்குள் 1928இல் கப்பல்கள் வரத் தொடங்கின. மட்டாஞ்சேரியின் பசார் சாலைப் பண்டகசாலைகளிலிருந்து புறப்படும் மிளகு மூட்டை ஒன்றுக்கு இன்வாய்ஸ், பொதிப் பட்டியல், தோற்றச் சான்றிதழ், தாவர நலச் சான்றிதழ், கப்பல் ஏற்றுச் சீட்டு எனப் பல தாள்கள் தேவைப்பட்டன. அனுப்புநர் பெயர், பெறுநர் பெயர், சரக்கின் விவரம், மூட்டை எண்ணிக்கை, எடை ஆகிய ஒரே செய்திகள் ஒவ்வொரு தாளிலும் வெவ்வேறு இடத்தில் திரும்பத் திரும்பத் தட்டச்சாயின. ஒரு தாளில் எடை ஓர் இலக்கம் மாறினாலும் வங்கி பணம் தர மறுக்கலாம்.

இதற்கான தீர்வு வடஐரோப்பாவில் பிறந்தது. 1950களில் நோர்டிக் நாடுகளில் ஏற்றுமதித் தாள்கள் அனைத்தையும் ஒரே அளவுக்கும் ஒரே அமைப்புக்கும் கொண்டுவரும் முயற்சி தொடங்கியது. முழுச் செய்தியையும் ஒரு மூலத்தாளில் ஒருமுறை தட்டச்சு செய்வது; படியெடுக்கும்போது அந்தந்தப் படிவத்திற்கு வேண்டாத பகுதியை மறைதாளால் மறைத்துவிடுவது; இதுவே அம்முறை. 1963இல் ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் இதற்கான பொது அமைப்பை ஏற்றது. பின்னர் அது ஐ.நா. வணிக ஆவண அமைப்பாக விரிந்தது. 1990களின் தொடக்கத்தில் இந்தியாவும் தன் ஏற்றுமதித் தாள்களை இவ்வமைப்பிற்கு ஏற்பச் சீர்செய்தது.

மறைதாள் ஒரு சல்லடை. மட்டாஞ்சேரி மிளகு வணிகத்தின் தரப்பெயர் ஒன்று இவ்விடத்தில் பொருத்தமாக அமைகிறது. உலகச் சந்தையில் 'மலபார் கார்பிள்டு' எனப்படும் மிளகின் பெயரிலுள்ள கார்பிள் என்னும் சொல் சல்லடையைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. தூசும் பதரும் நீக்கிச் சலித்த மிளகு என்பது பொருள். செய்தியையும் அவ்வாறே சலித்துப் படிவங்களாகப் பிரிக்க முடியும் என்பதே நோர்டிக் முறையின் உள்ளீடு. தரவு வேறு, படிவம் வேறு என்னும் பிரிவினை கணினி வருவதற்கு முன்பே அலுவலக மேசையில் நிலைபெற்றுவிட்டது. விரிதாள் மேக்ரோவின் உண்மையான முன்னோடி இதுவே.

4. விரல்களின் பதிவு

மேக்ரோ என்னும் சொல் கணினி நிரலாக்கத்தில் பழமையானது. ஒரு சுருக்கக் கட்டளை பல கட்டளைகளாக விரிவதை அது குறித்தது. 1960இல் டக்ளஸ் மெக்கில்ராய் இதனை மேல்நிலை மொழிகளுக்கும் விரிவாக்கும் கட்டுரையொன்றை வெளியிட்டார். ஆனால் எழுத்தரின் மேசைக்கு மேக்ரோ வந்தது விரிதாள் வழியாகத்தான்.

1979இல் டான் பிரிக்ளினும் பாப் ஃபிராங்ஸ்டனும் உருவாக்கிய விசிகால்க் விரிதாளைத் தனிக்கணினியில் கொண்டுவந்தது. 1983 ஜனவரியில் வெளிவந்த லோட்டஸ் 1-2-3 மேக்ரோவைச் சேர்த்தது. லோட்டஸில் ஒவ்வொரு செயலும் சாய்கோட்டு விசையில் தொடங்கும். அதன்பின் பட்டியலிலிருந்து ஒவ்வொரு எழுத்தாக அழுத்த வேண்டும். அச்சிட வேண்டுமானால் அச்சு, அச்சுப்பொறி, பரப்பு, சீரமை, செல், பக்கம், விலகு என்பவற்றின் ஆங்கில முதலெழுத்துகளை வரிசையாக அழுத்த வேண்டும். இந்த எழுத்து வரிசையை ஒரு நுண்ணறையில் உரையாகவே எழுதி, அந்த நுண்ணறைக்குப் பின்சாய்கோடும் ஓர் எழுத்தும் சேர்ந்த பெயரிட்டால் அது மேக்ரோ ஆகிவிடும். பின்னர் ஆல்ட் விசையோடு அந்த எழுத்தை அழுத்தினால் போதும். எண்டர் விசைக்கு அலைக்கோட்டுக் குறி நின்றது. அந்நிறுவனத்தின் தொடக்கக் கையேடு இவ்வசதியைத் 'தட்டச்சுக்கு மாற்று' என்று அடக்கமாகவே அழைத்தது.

வரலாற்று நோக்கில் இது அரியதொரு எழுத்துவகை. லோட்டஸ் மேக்ரோ ஒரு எழுத்தரின் விரல்கள் எந்த வரிசையில் அசைந்தன என்பதன் நேரடிப் பதிவு. அது தரவு இருக்கும் அதே தாளில், அருகிலுள்ள நுண்ணறைகளில், கண்ணுக்குத் தெரியும்படி இருந்தது. கணக்குத் தாளை அச்சிட்டால் மேக்ரோவையும் சேர்த்தே அச்சிடலாம். ஏடெழுதியவரின் கை அச்சில் மறைந்து, நானூறு ஆண்டுகளுக்குப் பின் விசைகளின் பெயர்வரிசையாகத் திரும்பி வந்தது எனலாம்.

இந்தியாவில் இக்காலம் அலுவலகக் கணினிமயம் குறித்த கடும் விவாதங்களின் காலமாகும். 1983இல் வங்கி நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் இயந்திரமயம் குறித்து ஓர் உடன்பாட்டிற்கு வந்தன. 1984இல் ரங்கராஜன் குழு அறிக்கை அளித்தது. கேரளத்தில் கணினி வேலையைப் பறிக்கும் என்ற அச்சம் வலுவாக இருந்தது. அந்த அச்சத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஒரே செய்தியைப் பன்முறை தட்டச்சு செய்வதே பலருடைய வேலையாக இருந்த காலம் அது. அதே வேளையில், மேக்ரோவை எழுதக் கற்றுக்கொண்டவர்களும் அத்தகைய எழுத்தர்களே. சலிப்பூட்டும் வேலையைத் தம் கையாலேயே இயந்திரத்திடம் ஒப்படைத்த அவர்களின் உழைப்பு, எந்தப் பணிப்பதிவேட்டிலும் இடம்பெறாத உழைப்பு.

அச்சுப்பொறியும் இதில் பங்கு வகித்தது. ஊசிகளால் தட்டி அச்சிடும் டாட் மேட்ரிக்ஸ் பொறி, இருபுறமும் துளையிட்ட தொடர்தாளில் இடையறாது ஓடும். இடையே கார்பன் வைத்தால் ஒரே தட்டில் மூன்று படிகள் கிடைக்கும். லேசர் அச்சுப்பொறி பரவிய பின்னரும் கடைகளிலும் பண்டகசாலைகளிலும் அது நீடித்ததற்கு இந்தக் கார்பன் படியே காரணம். இயந்திரம் மாறினாலும் படி தேவை மாறவில்லை.

5. பொருள்களின் மொழியும் தமிழும்

1993இல் எக்செல் 5.0 வந்தபோது மேக்ரோவின் இயல்பு மாறியது. விசைவரிசைக்குப் பதிலாக விபிஏ என்னும் நிரல்மொழி வந்தது. தாள், பரப்பு, அச்சுப் பக்க அமைப்பு ஆகியன பொருள்களாயின. 'அச்சிடு' என்பது அப்பொருளுக்கு இடும் ஏவலாயிற்று. அலுவலகங்களில் பரவிய வடிவம் எளிமையானது. முதல் தாளில் பெயர்ப்பட்டியல் இருக்கும். இரண்டாம் தாளில் படிவம் இருக்கும். அதன் மூலையில் ஒரு வரிசை எண் இருக்கும். மற்ற இடங்களை அந்த எண்ணைக் கொண்டு விலுக்கப் வாய்பாடு பட்டியலிலிருந்து நிரப்பும். மேக்ரோ செய்வது இவ்வளவே: எண்ணை ஒன்று ஆக்கு, அச்சிடு; இரண்டு ஆக்கு, அச்சிடு; பட்டியல் முடியும்வரை இவ்வாறே செய். நோர்டிக் மூலத்தாளும் மறைதாளும் இங்கே ஒரு கோப்புக்குள் அடங்கிவிட்டன.

தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அரசு ஊழியரும் ஆசிரியரும் இவ்வகைக் கோப்புகளை நன்கறிவர். ஆண்டுதோறும் வருமான வரி கணக்கிடும் பருவத்திலும், ஊதியக் குழுப் பரிந்துரை நடைமுறைக்கு வரும்போதும், ஆசிரியர்களே உருவாக்கிய விரிதாள்கள் கைமாறி மாவட்டம் மாவட்டமாகப் பரவுகின்றன. அரசாணையைப் படித்துப் புரிந்துகொண்டு, அதை வாய்பாடாக மாற்றி, படிவமாக அச்சிட்டுத் தரும் இக்கோப்புகள் ஒருவகையில் அரசாணைக்கு எழுதப்பட்ட உரைகள். உரையாசிரியரின் பெயர் மட்டும் கோப்பு கைமாறக் கைமாற உதிர்ந்துவிடுகிறது.

தமிழ் எழுத்துக்கு இங்கு ஒரு தனித் தடை உண்டு. விபிஏ நிரலை எழுதும் சாளரம் யூனிகோடுக்கு முற்பட்டது. கணினியின் பழைய எட்டுபிட் குறிமுறைப் பக்கத்தையே அது நம்பியிருக்கிறது. விண்டோஸில் தமிழுக்கு அத்தகைய குறிமுறைப் பக்கம் இல்லை. ஆகவே நிரலுக்குள் 'சான்றிதழ்' என்று தட்டச்சு செய்தால் அங்கே கேள்விக்குறிகளின் வரிசையே நிற்கும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களைப் பயன்படுத்தியவர்களுக்கு இத்தடை இல்லை. ஏனெனில் அவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தவை. நிரலில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தாலும் அச்சில் தமிழாக வரும். 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்ற பின்னரும் அலுவலகங்களில் பழைய எழுத்துருக்கள் நீடித்ததற்கான காரணங்களுள் இத்தகைய கோப்புகளையும் சேர்த்தெண்ண வேண்டும். யூனிகோடைப் பயன்படுத்த விரும்பியோர் தமிழ்ச் சொற்களைத் தாளின் நுண்ணறைகளில் எழுதிவைத்து, மேக்ரோவை அங்கிருந்து எடுத்துக்கொள்ளச் செய்தனர். தமிழ் அச்சுக் கட்டளைக்கு உட்பட்டது. ஆனால் கட்டளையின் மொழிக்குள் இடம்பெறவில்லை.

6. விடுபடுதலின் அமைதி

மேக்ரோவின் பிழை ஏடெழுதுவோர் பிழையினின்று வேறுபட்டது. எக்செல்லின் பதிவுக் கருவி, பயனர் செய்வதை அப்படியே நிரலாக்குகிறது. ஐம்பது பெயர்கள் இருந்த நாளில் பதிவு செய்தால் ஐம்பதாம் வரிசை வரை என்றே பதிவாகும். ஐம்பத்தோராவது பெயர் சேர்ந்த மாதத்தில் அச்சுப்பொறி வழக்கம்போல் ஐம்பது தாள்களைத் தந்துவிட்டு நிற்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. அந்த ஒருவருக்கு மட்டும் சீட்டு வராது. அச்சுப்பொறியின் பெயரும் இணைப்பு முனையும்கூட நிரலில் உறைந்துவிடக்கூடும். வேறு கணினிக்கு எடுத்துச் சென்றால் அந்த வரியில் நிரல் நின்றுவிடும்.

நிற்கும் பிழையால் தொல்லை மட்டுமே. நிற்காத பிழைதான் கேடு. 2020 அக்டோபரில் இங்கிலாந்தின் பொது சுகாதார அமைப்பில் 15,841 கொரோனா தொற்றுப் பதிவுகள் உரிய காலத்தில் அறிக்கையில் சேராமல் போயின. தரவை ஏற்ற கோப்பு எக்செல்லின் பழைய வடிவத்தில் இருந்தது. அவ்வடிவம் 65,536 வரிசைகளுக்கு மேல் ஏற்காது. எல்லையைத் தாண்டியவை ஓசையின்றி உதிர்ந்தன. தொடர்புடையோரைத் தேடி எச்சரிக்கும் பணி அதனால் தாமதமாயிற்று. கையெழுத்துப் படியில் ஒரு சொல் விடுபட்டால் வாக்கியம் தடுமாறிக் காட்டிக்கொடுக்கும். தானியங்கி அச்சில் விடுபட்டது, தான் விடுபட்டதைக் காட்டுவதில்லை. எஞ்சியவை முழுமையாகவே தோற்றமளிக்கின்றன.

பின்னாளில் இந்தத் தாள்களைக் காப்பகத்தில் படிக்கும் ஆய்வாளருக்கு இது நேரடியான மூலத்திறனாய்வுச் சிக்கலாகும். ஒரு பள்ளியின் சான்றிதழ்த் தொகுப்பில் ஐம்பது பேர் இருந்தால், ஐம்பது பேர்தாம் இருந்தனரா அல்லது ஐம்பது பேருக்குத்தான் அச்சிடும்படி கட்டளை இருந்ததா? கட்டளை கிடைக்காதவரை இதற்கு விடையில்லை.

7. கட்டளை தொலையும் வழிகள்

கட்டளை கிடைக்காமல் போகும் வழிகள் பல. மேக்ரோவே தீங்கு செய்யவும் பயன்பட்டது என்பது முதல் காரணம். 1995இல் வேர்டு ஆவணங்கள் வழியே பரவிய கான்செப்ட், 1996இல் எக்செல்லைத் தாக்கிய லாரூ, 1999 மார்ச்சில் மின்னஞ்சல் வழியே உலகெங்கும் பரவிய மெலிசா ஆகிய நச்சுநிரல்கள் அனைத்தும் மேக்ரோக்களே. அதன் விளைவாகக் கட்டுப்பாடுகள் படிப்படியாக இறுகின. 2007ஆம் ஆண்டின் ஆஃபிஸ் தொகுப்பு, மேக்ரோ உள்ள கோப்பிற்கும் இல்லாத கோப்பிற்கும் தனித்தனிப் பின்னொட்டு வகுத்தது. சாதாரணப் பின்னொட்டில் சேமித்தால் எண்கள் இருக்கும், படிவம் இருக்கும், நிரல் போய்விடும். 2022இல் மைக்ரோசாஃப்ட் இணையம் வழி வந்த கோப்புகளின் மேக்ரோக்களை இயல்பாகவே தடைசெய்யத் தொடங்கியது. பாதுகாப்பு நோக்கில் இது தேவையான முடிவே. ஆனால் யாரென்று தெரியாத ஒரு ஆசிரியர் எழுதிய வரிக்கணக்குக் கோப்பும், யாரென்று தெரியாத ஒரு திருடர் எழுதிய கோப்பும் கணினியின் பார்வையில் ஒன்றே. பெயர் உதிர்ந்துபோனதன் விலை இதுவாகும்.

மென்பொருள் மாற்றம் இரண்டாவது வழி. 2001இல் தொடங்கிய கேரளத்தின் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் சில ஆண்டுகளிலேயே அரசுப் பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்குக் கொண்டுவந்தது. உரிமக் கட்டணமின்றி இலட்சக்கணக்கான மாணவர் கணினி பயில வழிசெய்த அம்முடிவு பாராட்டத்தக்கது. ஆனால் லிப்ரே ஆஃபிஸ் கால்க் விபிஏ நிரலை ஓரளவுக்கே இயக்கும். அச்சுப் பக்க அமைப்பு போன்ற இடங்களில் திருத்தி எழுத வேண்டியிருக்கும். திருத்துவதற்கு, மூல நிரல் என்ன செய்ய முயன்றது என்பது தெரிந்திருக்க வேண்டும். நீண்ட காலக் காப்பிற்கென வகுக்கப்பட்ட பிடிஎஃப்-ஏ வடிவமும் இயங்கும் நிரலை ஏற்பதில்லை. அது தாளின் தோற்றத்தையே காக்கிறது. இவ்வாறு, பாதுகாப்பும் காப்பகமும் தத்தம் நியாயமான நோக்கங்களுக்காகக் கட்டளையைக் கழித்துவிட்டு அச்சை மட்டும் வைத்துக்கொள்கின்றன.

மட்டாஞ்சேரி மிளகுச் சந்தைக்கும் இதையொத்த ஒரு மாற்றம் நேர்ந்தது. 1957இல் இந்திய மிளகு, நறுமணப்பொருள் வணிகச் சங்கம் அங்கு நிறுவப்பட்டது. அதன் கூடத்தில் பல பத்தாண்டுகள் தரகர்கள் கூவியே முன்பேர விலை பேசினர். இந்நூற்றாண்டில் மின்னணு வணிகம் வந்தபின் அக்கூவல் ஓய்ந்தது. விலைப் பட்டியல்கள் எஞ்சியிருக்கலாம். யார் எந்தக் குரலில், எந்தச் சைகையோடு, எந்தக் கணிப்பில் அந்த விலையை எட்டினர் என்பது பட்டியலில் இல்லை. முடிவு அச்சாகிறது, முடிவை அடைந்த வழி அச்சாவதில்லை.

8. செய்யத்தக்கவை

இச்சிக்கலுக்குப் பெருஞ்செலவு தேவைப்படாத விடைகள் உண்டு. மேக்ரோ என்பது அடிப்படையில் எழுத்து. அதை உரைக்கோப்பாக வெளியே எடுத்து வைக்கலாம். தாளில் அச்சிட்டும் வைக்கலாம். நிரலின் தலைப்பில் எழுதியவர் பொறுப்பு, எழுதிய நாள், எந்த அரசாணையை அல்லது எந்த விதியைப் பின்பற்றியது, எந்தத் தாளிலிருந்து எந்தப் படிவத்தை அச்சிடுகிறது என்பனவற்றை நான்கு வரிகளில் குறிக்கலாம். அச்சாகும் ஒவ்வொரு தாளின் அடியிலும் 'மொத்தம் இத்தனையில் இது இத்தனையாவது' என்று மேக்ரோவே எழுதும்படி செய்யலாம். பட்டியலின் மொத்தத்தை எண்ணி, அச்சான எண்ணிக்கையோடு ஒப்பிட்டு, வேறுபட்டால் நிற்கும்படியும் செய்யலாம். டச்சு எழுத்தர் படியை மூலத்தோடு ஒப்பிட்டு ஒப்பமிட்ட செயலின் இன்றைய வடிவம் இதுவே.

ஆய்வு மாணவர்க்கும் இது பொருந்தும். கல்வெட்டு அட்டவணை, நூற்பட்டியல், கள ஆய்வுத் தரவு ஆகியவற்றை விரிதாளில் தொகுத்து, மேக்ரோ வழியே பின்னிணைப்பாக அச்சிடும் ஆய்வேடுகள் இன்று பல. அச்சான அட்டவணை ஆய்வேட்டில் இருக்கிறது. அதைச் சலித்தெடுத்த விதி இருப்பதில்லை. எந்தப் பதிவுகள் சேர்க்கப்பட்டன, எவை விலக்கப்பட்டன என்பதை அந்த நிரலே சொல்லும். அதைப் பின்னிணைப்பில் ஒரு பக்கமாகச் சேர்ப்பது, பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பில் தரும் பதிப்பு நேர்மைக்கு ஒப்பானது. காப்பகங்களும் அலுவலகக் கோப்புகளைப் பெறும்போது அச்சுத்தாளோடு, அதை உண்டாக்கிய விரிதாளையும் மேக்ரோவின் உரைவடிவத்தையும் கேட்டுப் பெறும் நடைமுறையைத் தொடங்கலாம்.

மூன்ஸின் குறிப்பை அவருக்குப் பின் வந்த ஓர் அலுவலருக்காகவே எழுதினர், எழுதுவித்தனர். இருநூறு ஆண்டுகளுக்குப் பிந்தைய ஆய்வாளர் எவரும் அவர்கள் கருத்தில் இல்லை. ஆயினும் பதினெட்டாம் நூற்றாண்டு மலபாரைப் பற்றி இன்று எழுதுவோர் அதைத் தவிர்க்க முடிவதில்லை. அடுத்த இருக்கைக்காரருக்காக எழுதிய குறிப்பே காலப்போக்கில் வரலாற்றுச் சான்றாகிறது. மேக்ரோவின் தலைப்பில் எழுதப்படும் நான்கு வரிகளுக்கும் அந்தத் தகுதி உண்டு. அவற்றை எழுதவேண்டியவர், பொத்தானைச் செய்தவர் பணியில் இருக்கும்போதே எழுதினால்.